ஹிராவின் வாசனை

வெள்ளம் வடிந்தபோது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் மீன் நாறியது. பஞ்சகங்கா ஆறு ஒன்பது நாள் ஊருக்குள் நின்றிருந்தது. சுவர்களில் ஆள் உயரத்துக்குச் சேற்றுக்கோடு. சோளம் கொட்டி வைத்திருந்த குதிர்களுக்குள் செத்த கெண்டைகள். பிளீச்சிங் பவுடரைத் தூவித் தூவிக் கழுவினோம். சுண்ணாம்பு அடித்தோம். கணபதி வருவதற்குள் எல்லா வீட்டிலும் நாற்றம் போய்விட்டது. தானுபாய் வீட்டில் மட்டும், கணபதியைக் கரைத்து ஒன்றரை மாதம் கழித்து அது திரும்பத் தொடங்கியது.

தானுபாய் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் இந்த ஊர் அங்கன்வாடியில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அந்த வீட்டில் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் சொல்கிறேன்.

தானுபாயின் புருஷன் மல்யுத்தக்காரர். நாற்பத்தோரு வயதில் கோதாவுக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போனவர். மகன் சர்ஜேராவ் அதே கோதாவில் இளவட்டங்களுக்குக் குஸ்தி சொல்லிக் கொடுத்தான். காலையில் ஆறு முட்டை, கால் கிலோ ஈரல், இரண்டு லிட்டர் எருமைப்பால். மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பில் ஊறிய சோள ரொட்டி எட்டு. அவன் மனைவி ஷேவந்தா ஒடிசலான பெண். அவளுடைய பிறந்த வீட்டில் எல்லோரும் துளசி மணி போட்டவர்கள், கறி முட்டை தொடாதவர்கள். கட்டிக்கொண்டு வந்த ஐந்து வருடத்தில் இங்கே கறி சாப்பிடப் பழகினாள் என்றாலும், எல்லோரும் தின்று முடித்தபின் சட்டியில் மிஞ்சும் குழம்பு மட்டும்தான் அவளுக்கு.

சர்ஜேராவின் தங்கை ஹிரா. இருபத்திரண்டு வயது. வாய் ஓயாமல் பேசுவாள். வெள்ளம் ஏறிய அன்று எல்லோரும் பள்ளிக்கூட மாடிக்கு ஏறிவிட்டோம். "எருமைய அவுத்து விடலியே" என்று ஒரு சத்தம். யாரும் பிடிப்பதற்குள் ஹிரா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போனாள். நான்கு நாள் கழித்து மூன்று ஊர் தள்ளி ஒரு மேட்டில் அந்த எருமை உயிரோடு நின்றது. கழுத்தில் அறுந்த கயிறு. ஹிரா கிடைக்கவில்லை. சர்ஜேராவ் படகு பிடித்து ஆறு கிருஷ்ணாவில் கலக்கிற இடம்வரை தேடிவிட்டு, முகம் வீங்கித் திரும்பி வந்தான்.

பதின்மூன்றாம் நாள் காரியம் பற்றிப் பேச வந்தவர்களைத் தானுபாய் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"என்னத்த எரிச்சீங்க, காரியம் பண்றதுக்கு? வேணாம். யாரும் எம்பொண்ணுக்கு எள்ளு இறைக்க வேணாம்."

அதே பள்ளிக்கூட மாடியில்தான் ஷேவந்தாவுக்கு மூன்றாம் மாசத்தில் கலைந்து போனது. ரத்தம் நிற்கவேயில்லை. பிறகு ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் ஆறே கிராம். இரும்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டு நான்தான் தானுபாயிடம் சொன்னேன்: "மாத்திரை மட்டும் பத்தாது. தினமும் ஈரல் குடுங்க, முட்டை குடுங்க. உங்க மகனுக்குப் போடற தட்டுல இவளுக்கும் போடுங்க." தானுபாய் சொன்னபடி செய்தாள். பெண்ணை இழந்த கை யாருக்காவது ஊட்டத் தவித்துக்கொண்டிருந்தது.

தீபாவளிச் சமயத்தில் ஒரு நாள் அவர்கள் அடுப்படிக்குள் போனேன். அழுகிய மீன் நாற்றம். உரலுக்குப் பின்னால் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்தோம். சர்ஜேராவ் தரைக்கல்லைப் பெயர்த்துப் பார்த்தான். தொழுவத்தை முழங்கால் ஆழம் தோண்டினான். ஒன்றுமில்லை. காலையில் அடுப்படியில் இருக்கும். மத்தியானம் தொழுவத்தில். சாயங்காலம் அடுப்படி சுத்தமாக இருக்கும், முன்கட்டில் நிற்கும். இடம் மாறி மாறி நடக்கும் நாற்றத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"எனக்கு எதுவும் வரலியே அக்கா. எல்லாரும் மூக்க மூடறீங்க, எனக்கு மட்டும் தெரியல" என்றாள் ஷேவந்தா.

அன்று அவளும் நானும் தண்ணீர் எடுக்கப் போனோம். திறந்த வெளி, இரண்டு பக்கமும் கரும்பு, நல்ல காற்று. நாற்றம் எங்களோடு நடந்து வந்தது. நான் நின்றேன். அவள் நான்கு அடி முன்னால் போனாள். நாற்றமும் போனது. திரும்பி என் முகத்தைப் பார்த்தவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"எம்மேலயா?"

நான் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தேன்.

"சொல்லுங்கக்கா. எம்மேலருந்தா வருது?"

அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு நான்கு முறை குளித்தாள். வேப்பிலை, மஞ்சள், துணி சோப்பு. முழங்கை வெடித்து ரத்தம் கசிந்தது. நாற்றம் குறையவில்லை. கரும்பு வெட்டு தொடங்கியபோது யாரும் அவள் பக்கத்து வரிசையில் நிற்கவில்லை.

"ஏ ஷேவந்தா, கரும்பு வெட்ட வந்தியா, வலை போட வந்தியா?" என்று ஒருத்தி கத்தினாள்.

"இடுப்புல கெண்டை ஏதும் சொருகி வச்சிருக்காளா பாருங்கடி!" என்றாள் இன்னொருத்தி. வயல் முழுக்கச் சிரித்தது. வெல்லம் காய்ச்சும் கொட்டகையில், பாகு கெட்டுவிடும் என்று அவளை அடுப்புப் பக்கம் விடவில்லை. சர்ஜேராவ் பாயைச் சுருட்டிக்கொண்டு குஸ்திக் கொட்டகைக்குப் படுக்கப் போனான். எப்போது திரும்புவான் என்று சொல்லவில்லை.

தை மாசத்தில் ஒரு நடுப்பகல். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை என்று எட்டிப் பார்த்தேன். தானுபாய் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஷேவந்தாவின் தலை. மருமகளின் கூந்தலுக்குள் மூக்கைப் புதைத்து, கண்ணை மூடி, நீளமாக மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். ஷேவந்தா கண்ணைத் திறந்தபடி அசையாமல் கிடந்தாள்.

"வத்சலா, இங்க வா. மோந்து பாரு" என்றாள் தானுபாய். "நாத்தம் நாத்தம்ங்கறாளுங்க. இது ஆத்துத் தண்ணி வாசன. அடியாழத்து வாசன. எம்பொண்ணு கரையேறி வந்துட்டா."

"ஆயி, இது ஷேவந்தா" என்றேன்.

"இது ஷேவந்தா இல்லைன்னா சொன்னேன்? அவளும் இருக்கா. இவளும் இருக்கட்டும். எடமா இல்ல?"



அதிலிருந்து தட்டு இன்னும் நிறைந்தது. ஹிராவுக்கு ஈரல் என்றால் உயிர். கரியில் வாட்டி உப்பு தொட்டுத் தின்பாள். அதே மாதிரி வாட்டி ஷேவந்தாவுக்கு ஊட்டினாள் தானுபாய். வீட்டுக் கோழி இட்டதெல்லாம் அவளுக்கே. "தின்னுடி ஹிரே, ஆத்துல என்ன கெடச்சிருக்கும் ஒனக்கு" என்பாள். நாற்றம் கதவுக்கு வெளியே தெருவரை வந்தது. எங்கிருந்தோ வந்த பூனைகள் கூரை ஓட்டின்மேல் வரிசையாக உட்கார்ந்து கீழே பார்த்தன. ஹிரா போனதிலிருந்து யாரையும் மடியில் கைவைக்க விடாத எருமை, ஷேவந்தா போனால் மூக்கை உயர்த்தி, மெல்லக் குரல் கொடுத்துக் கறக்க நின்றது.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க" என்றாள் ஷேவந்தா ஒரு நாள். "நேத்து ஆயி 'ஹிரே'ன்னு கூப்பிட்டாங்க. நான் 'என்ன ஆயி'ன்னு திரும்பிட்டேன். யோசிக்கவே இல்ல. எனக்கு என் வாசனையே தெரியலியே, உள்ள இருக்கறது யாருன்னு எப்படித் தெரியும்?"

சர்ஜேராவ் ஒரு குறி சொல்பவரை அழைத்து வந்தான். அவர் அமாவாசை மத்தியானம் வந்தார். வாசல்படியிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். "ஈரத் தலையோட ஒரு பொண்ணு நிக்கிறா. மூணு அமாவாசையில வெரட்டிடலாம்" என்றார்.

தானுபாய் துடைப்பத்தோடு வந்தாள். "எவன்டா அவன், எம்பொண்ண வெரட்டறவன்? ஒருதரம் தண்ணி இழுத்துட்டுப் போச்சு. இப்ப நீ இழுத்துட்டுப் போறியா?" அவர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

இப்படியே அடுத்த சிராவணம் வந்தது. அந்த மாதம் முழுக்க எங்கள் ஊரில் கறி, மீன், முட்டை யாரும் தொடமாட்டார்கள். கோதாக்காரர்களும் பாலோடு நிறுத்திக்கொள்வார்கள். எத்தனை துக்கமிருந்தாலும் தானுபாயும் நோன்பை விடுகிறவள் இல்லை. ஐந்தாம் நாள் ஷேவந்தாவோடு பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு ஏதோ குறைகிறமாதிரி இருந்தது. பக்கத்தில் போனேன். முகர்ந்தேன். சீயக்காய் வாசனை. வேறொன்றும் இல்லை.

"போயிருச்சு" என்றேன்.

அவள் அழவில்லை. உள்ளே திரும்பிப் பார்த்தாள். தானுபாய் அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தாள். போர்வையை எடுத்து முகர்ந்தாள். தலையணையை முகர்ந்தாள். "ஹிரே, எங்கடி போன?" என்று தொழுவத்துக்குள் கேட்டாள்.

சிராவணம் முடிந்த மறுநாள் ஷேவந்தா என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். "எனக்கு ஒரு சந்தேகம் அக்கா. நாலு முட்டை அவிச்சுக் குடுங்க" என்றாள். நின்றபடியே தின்றாள். மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தானுபாயின் சிரிப்பு கேட்டது. எனக்கு நாற்றம் வருமுன் அந்தச் சிரிப்பு வந்தது.

அவளை மிரஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா வயசானவர், அவசரப்படாதவர். எல்லாவற்றையும் கேட்டார், ஹிராவைப் பற்றிக்கூட. மூத்திரத்தை எடுத்து வேறு ஊருக்குச் சோதனைக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் திரும்ப வரச் சொன்னார். போனோம்.

"உன் மேல வேற யாரும் இல்லம்மா, நீதான் இருக்க" என்றார். "முட்டையில, ஈரல்ல கோலின்னு ஒரு சத்து இருக்கு. ஆட்டுக்கறியில கார்னிடின்னு இன்னொண்ணு. ரெண்டும் வேண்டிய சத்துதான். குடல்ல இருக்கற கிருமிங்க அதுங்கள ஒடைக்கும்போது மீன் நாத்தம் வர்ற ஒரு பொருள் உண்டாகும். எல்லார் வயித்துலயும் உண்டாகும். நம்ம ஈரல் அதை வாசனை இல்லாததா மாத்தி மூத்திரத்துல அனுப்பிடும். உன் ஈரலுக்கு அந்த வேலை பொறப்புலயே அரைகுறை. கொஞ்சமா வந்தா சமாளிக்கும். கொட்டினா மாத்த முடியாம வேர்வையில, மூச்சுல வந்துரும்."

"அஞ்சு வருசமா இல்லியே டாக்டர்?"

"அஞ்சு வருசமா என்ன சாப்பிட்ட?"

ஷேவந்தா தலையைக் குனிந்துகொண்டாள். "கொழம்பு" என்றாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, ரத்தம் ஊறுவதற்கு மாத்திரை, கேழ்வரகு, கீரை, வெல்லம் என்று சொன்னார். "வீட்டுல வேற யாரு இந்த ஈரல் முட்டையெல்லாம் சாப்பிடறது?"

"அவரு. என்னை மாதிரி ரெண்டு பங்கு. ஆனா அவருக்கு நாத்தமே இல்ல."

"அப்ப அவரு ஈரல் நல்லா மாத்துதுன்னு அர்த்தம். அப்படி மாத்தின பொருள் ரத்தத்துல ரொம்பச் சேர்ந்தா ரத்தக்கொழாய்க்கு ஆகாதுன்னு ஆராய்ச்சியில சொல்றாங்க. அதுதான் காரணம்னு இன்னும் முடிவா யாரும் சொல்லல. நானும் சொல்லமாட்டேன். ஆனா அவங்க அப்பா நாப்பத்தோரு வயசுல நெஞ்சுவலியில போனவருன்னு சொன்னீங்களே. நாள் கடத்தாம கூட்டிட்டு வாங்க."

சர்ஜேராவ் அதைக் கேட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தான். "நாறுறவ நல்லா இருக்கா, நாறாத எனக்கு வியாதியா? வத்சலாக்கா, உங்க டாக்டரம்மாவ ஒரு நாள் கோதாவுக்கு வரச்சொல்லுங்க. யாரு சாயறாங்கன்னு பாப்போம்." அன்று காலையும் ஆறு முட்டை தின்றிருந்தான். ஷேவந்தா சாப்பாட்டைக் குறைத்தபோது அவள் தட்டில் மிஞ்சியதையும் தாய் அவன் தட்டுக்குத்தான் தள்ளினாள்.

கணபதியைக் கரைத்த மறுநாள், காலை எட்டு மணி இருக்கும். ஷேவந்தா பால் செம்போடு கொட்டகைக்குப் போனாள். நானும் அங்கன்வாடிக்குப் போகிற வழியில் கூடவே போனேன். எண்ணெயும் மோரும் கலந்த செம்மண் கோதாவின் ஓரத்தில் சர்ஜேராவ் உட்கார்ந்திருந்தான். பையன்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். வாத்தியார் இளைப்பாறுகிறார் என்று நினைத்திருந்தார்கள். அவன் மேலெல்லாம் வேர்வை ஆறாக ஓடியது.

"வாயுதான். போயிரும்" என்றான்.

ஷேவந்தா செம்பைப் போட்டுவிட்டு அவன் கழுத்தருகே குனிந்தாள். முகர்ந்தாள்.

"ஒண்ணுமே வரல அக்கா" என்றாள். "எவ்வளவு வேர்த்திருக்கு, ஒண்ணுமே வரல. எல்லாம் உள்ளதான் இருக்கு. ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க!"

அவள் நினைத்த மாதிரி வேர்வையை முகர்ந்து நெஞ்சைக் கண்டுபிடிக்க முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனால் வாயு என்று அவன் சொன்னதை அங்கே அத்தனை ஆண்களும் நம்பி நின்றபோது, நம்பாதவள் அவள் ஒருத்திதான். அவன் கையை உதறினான். "வுடுடி, மானத்த வாங்காத" என்றான். ஒரு வருடமாக அவனுக்கு மூன்று முழம் தள்ளியே நின்றவள், அந்தக் கையை விடவில்லை. ஜீப்பில் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு மிரஜ்வரை போனாள். இதயக் குழாய்களில் இரண்டு அடைப்பு. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பேச்சே இல்லை என்றார்கள்.

பத்து நாளில் வீடு திரும்பினான். சட்டை தொளதொளத்தது. கோழிகளை விற்றார்கள். அடுப்பில் பருப்பும் கீரையும் கொதித்தன. சர்ஜேராவ் பாயைக் கொட்டகையிலிருந்து எடுத்து வந்து வீட்டுக்குள் விரித்தான். வீடு எல்லா வீடுகளையும்போல ஆனது. தானுபாய் மட்டும் ஆகவில்லை. சாயங்காலமானால் தட்டில் ரொட்டியை வைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டாள். மகாளய அமாவாசை நெருங்கியது. புரோகிதர் வந்து, ஹிராவுக்கும் ஒரு பிண்டம் வைத்துவிடலாம் என்றார்.

"சொல்லிக்காம போனவளுக்குப் பிண்டமா?" என்றாள் தானுபாய். "எருமைய அவுத்துட்டு வரேன்னுதானே போனா? போறேன்னு சொல்லலியே. அப்புறம் வந்தா. மறுபடியும் சொல்லிக்காம போயிட்டா. ரெண்டு தரமும் நான் வாசல்ல நிக்கல."

அன்று ஷேவந்தா என் வீட்டுக்கு வந்தாள். பையில் ஈரலும் முட்டையும்.

"வேணாம்டி. இவ்வளவு கஷ்டப்பட்டு இப்பதான் மனுசங்க பக்கத்துல வர்றாங்க."

"ஒரு நாளுக்கு உசிரு போயிராதுக்கா. ஆயி ஒரு தரம் வழியனுப்பட்டும். அவங்க ஊட்டின கையி."

கரியில் வாட்டிக் கொடுத்தேன். வெறுப்போடு தின்றாள். மறுநாள் மத்தியானம் அவள் தலைக்குக் குளித்துவிட்டு, துவட்டாமல், ஈரக்கூந்தலோடு தானுபாயின் முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்றேன். வெயில் முற்றத்தில் வெள்ளையாகக் கிடந்தது. நாற்றம் அறை முழுக்க ஏறியது. தொழுவத்தில் எருமை ஒருமுறை குரல் கொடுத்தது.

தானுபாய் நிமிர்ந்தாள். மருமகளின் தலையைத் தொட்டாள்.

"வந்துட்டியா?"

"வந்தேன் ஆயி. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"போணுமா?"

"போணும்."

தானுபாய் வெகுநேரம் அந்த ஈரத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். வெளியே யாரோ சைக்கிளில் போனார்கள். பிறகு, ஒரு வருடமாக யாரிடமும் கேட்காததை மிகச் சின்னக் குரலில் கேட்டாள்.

"ரொம்பக் குளுருச்சாடி?"

"இல்ல ஆயி" என்றாள் ஷேவந்தா. பிறகு கொஞ்சம் வேறு மாதிரி, வேகமாக, சிரிப்பு கலந்த குரலில்: "உள்ள போகப் போக வெதுவெதுன்னு ஆயிருச்சு. எருமை வயித்த ஒட்டிக்கிட்டே போனேன்ல. அதான் கயித்த நானே அறுத்து வுட்டேன், அதுவாவது கரையேறட்டும்னு."

தானுபாய் தலையை ஆட்டினாள். அவள் தேடிக்கொண்டிருந்தது அதுதான் போலிருந்தது. எழுந்து வாசல்வரை கூடவே வந்தாள். "சரி. போ" என்றாள். திரும்பி வா என்று சொல்லவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு வெறும் தெருவைப் பார்த்தபடி நின்றாள். ஷேவந்தா இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தாள்.

மகாளயத்தில் ஹிராவுக்குப் பிண்டம் வைத்தார்கள். தானுபாய் தன் கையாலேயே எள்ளும் தண்ணீரும் விட்டாள். அன்று ஆற்றங்கரையிலிருந்து திரும்பும்போது நான் ஷேவந்தாவிடம் மெதுவாகச் சொன்னேன்:

"நல்லாச் சொன்னடி. எருமை, கயிறு எல்லாம். நானே நம்பிட்டேன்."

அவள் நடையை நிறுத்தினாள்.

"நான் 'இல்ல ஆயி'ன்னு மட்டும்தான் அக்கா சொன்னேன்" என்றாள். "அதுக்கு மேல வேற என்ன சொன்னேன்?"